சுப்புத்தாய் மேடையேறிய ஞாயிறு

உத்தமபாளையத்துக்கும் அனுமந்தன்பட்டிக்கும் நடுவில் இருக்கிற சந்தைமேட்டு மைதானத்தில் பதினெட்டு வருடம் ஒரே ஒரு பெண்தான் உட்கார்ந்து பந்தாட்டம் பார்த்தார். அவர் சுப்புத்தாய். திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டும் ஒன்பது பெண்களுக்குத் தலைமை. கல்யாணத்துக்கு முன்னால் சித்தி வீட்டோடு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தவர். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மலையாளத்து ஆட்கள் பக்கத்துக்கு ஏழு பேராக நின்று செவன்ஸ் கால்பந்து ஆடுவார்கள். காய் பறித்த கையோடு போய் நின்று பார்த்துப் பழகியதில் ஆட்டம் அவருக்குள் ஏறிவிட்டது. கீழே இறங்கி வந்து சுருளியாண்டியைக் கட்டிக்கொண்ட பிறகும் அது இறங்கவில்லை. சுருளியாண்டி டிராக்டர் ஓட்டுகிறவர். பந்தைக் கண்டால் கொட்டாவி விடுவார். ஆனாலும் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

எங்கள் அணியின் பெயர் முல்லைக்கரை கால்பந்துக் கழகம். ஊரில் சுருக்கமாக முல்லை என்போம். நான் அதில் ஆறு வருடம், மூன்று வருடத்துக்கு முன்பு வரை, இடது பக்கம் ஆடினேன். மைதானத்தின் வடக்கு மூலையில், தண்ணீர்த் தொட்டி நிழலில் சுப்புத்தாய் உட்கார்ந்திருப்பார். எனக்கு எதிரே யாரும் இல்லையென்றால் என் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். "எடது காலி!" என்று ஒரு சத்தம் வரும். மைதானம் முழுக்க அது கேட்கும். நடுவில் ஆடுகிறவன் என்னைப் பார்க்காமலேயே பந்தை இடது பக்கம் அடித்துவிடுவான். இடைவேளையில் நறுக்கிய எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்திருப்பார். வியர்வையோடு நாங்கள் பதினோரு பேரும் தொட்டி நிழலுக்குத்தான் ஓடுவோம். கோல் போட்டவன் முதலில் கையைத் தூக்குவதும் அந்த மூலையைப் பார்த்துத்தான்.

பக்கத்து வீட்டு சங்கிலியம்மாள் தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறார். அங்கன வெயிலு தாங்காது, ஆம்பளைக வாயில கெட்ட வார்த்தையா வரும் என்று சொல்லி சுப்புத்தாய் தட்டிக் கழித்தார். இதையெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரு போனா ரெண்டு பொம்பள வந்திருக்காகன்னுதான தம்பி சொல்லுவாக" என்றார்.

ஜெனிபர் வந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். உத்தமபாளையத்தில் வாக்கப்பட்டு, இங்கேயே ஒரு கிளினிக்கில் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் கால்பந்து ஆடியவள். முதல் நாளே கூட நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெயில் கடுமையாக இருந்ததால் நேராகத் தொட்டி நிழலுக்கு வந்து, "ஆன்ட்டி, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" என்றாள்.

சுப்புத்தாய் நகர்ந்துகொண்டார். அவருக்கு அப்போது நாற்பத்தி மூன்று வயது. ஊரில் அக்கா என்பார்கள், மதினி என்பார்கள், அத்தை என்பார்கள். ஆன்ட்டி என்று அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு என் முழங்காலில் அடிபட்டது. ஜெனிபர் ஓடி வந்து பையிலிருந்து பட்டையை எடுத்து ஒட்டினாள். வலி உடனே அடங்கியது. இடைவேளையில் நான் அவளிடமே போய் உட்கார்ந்தேன். அடுத்த ஆட்டத்தில் கோல்கீப்பர் கணுக்காலைக் காட்டிக்கொண்டு போனான். அதற்கடுத்த வாரம் பாதி அணி அவள் பக்கம் நின்றது. எலுமிச்சம்பழம் தட்டில் மிஞ்சியது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சுப்புத்தாய் மட்டும் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் பதினாறு துண்டு மிஞ்சியதாம்.

அந்த வருடம் முழுக்க அவர் ஜெனிபரிடம் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். அவள் கட்டியிருக்கும் கைக்கடிகாரம், போடும் தொப்பி, கைதட்டும் விதம் எல்லாம் அவருக்குக் கண்ணில் குத்தியது. தோட்டத்தில் திராட்சைக் குலையில் நெருக்கமான காய்களைக் கிள்ளிப் போடும்போது கூட அவள் நினைப்புதான். கிள்ள வேண்டியதைவிட அதிகமாகக் கிள்ளிவிட்டு, தோட்டக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். வீட்டில் இதைப்பற்றிப் பேச்செடுத்தால் சுருளியாண்டி, பொம்பளப்பிள்ள நாலு பேரு பந்து பாக்குறதுல ஒனக்கு என்ன நட்டம் என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

சென்ற வருடம் ஜூன் மாதம் மைதானத்தின் கேட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். கழகத்தின் செயலாளர் முத்துராமலிங்கம் கையெழுத்துப் போட்டிருந்தார். தேங்காய் மண்டி வைத்திருப்பவர். படுத்துக் கிடந்த அணியை எழுப்பி நிறுத்தியவர் என்பதால் எல்லாருக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. அறிவிப்பில் மூன்று விஷயம் இருந்தது. இனி நம் ஆட்டங்கள் எல்லாம் பழனிசெட்டிபட்டிப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் கல்லூரி மைதானத்தில் நடக்கும். அணியின் பெயருக்கு முன்னால் அந்தக் கல்லூரியின் பெயர் சேரும். பச்சைச் சட்டை போய் ஆரஞ்சுச் சட்டை வரும். கூடவே உள்ளூர்ப் பையன்கள் ஏழு பேரை அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பதும் இரண்டு நாளில் தெரிந்தது. யாரையும் கேட்கவில்லை. கழகத்தின் பொதுக்குழு கூடியே ஆறு வருடம் ஆகியிருந்தது.

முதலில் போய்க் கேட்டது சுப்புத்தாய்தான். வேலைக்குப் போகிற வழியில் மண்டி வாசலில் நின்று, எங்க ஆட்டத்தை எங்க ஊர விட்டுத் தூக்கிட்டுப் போக ஒங்களுக்கு யாரு சொன்னா என்று கேட்டார். முத்துராமலிங்கம் கோபப்படவில்லை. நாற்காலி போடச் சொன்னார். அங்கன புல்லுத் தரை இருக்கு ஆத்தா, லைட்டு இருக்கு, இங்கன கல்லுல விழுந்து விழுந்து நம்ம பயலுக காலு போகுது, மேல வர வேண்டாமா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சுப்புத்தாய் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கூட எழுந்து வரவில்லை. நானும் வரவில்லை.

பத்து நாள் கழித்து ஜெனிபர் மைதானத்திலேயே ஒரு கூட்டம் போட்டாள். சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கழகத்தின் விதிமுறைகளை நகல் எடுத்து வந்திருந்தாள். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். எந்த விதியின்படி பொதுக்குழுவைக் கேட்காமல் மைதானத்தை மாற்றக் கூடாது, எந்த விதியின்படி பெயரை மாற்றக் கூடாது என்று நிறுத்தி நிதானமாக வாசித்தாள். கடைசியில், இதை முதலில் தட்டிக் கேட்டது சுப்புத்தாய் ஆன்ட்டிதான், அவர்களுக்கு எல்லாரும் கைதட்டுங்கள் என்றாள். பலமாகக் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் தனக்கு இல்லை என்று சுப்புத்தாய்க்குத் தோன்றியது. அடுத்தவளை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாளே, எவ்வளவு நல்ல பிள்ளை என்று ஜெனிபருக்குத் தட்டுகிறார்கள் என்று தோன்றியது. நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். முகம் சிரித்தபடி இருந்தது. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைமேட்டில் கடைசி ஆட்டம். கல்லூரி நிர்வாகத்தார் வந்து மேடையில் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். அன்றைக்கு என்ன செய்வது என்று பதினைந்து பேர் கூடிப் பேசினோம். ஜெனிபர் சொன்ன யோசனை எல்லாருக்கும் பிடித்தது. ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் பறையில் ஒரே ஒரு அடி. உடனே கூட்டம் முழுக்க எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து வரிசையாக வெளியே போய்விட வேண்டும். கோஷம் கிடையாது, சத்தம் கிடையாது. காலி மைதானத்தை அவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பறை அடிப்பவர் ஒச்சாண்டி. எங்கள் ஆட்டங்களுக்கு எப்போதும் அவர்தான் அடிப்பார். சுப்புத்தாய், பறை எதற்கு, நானே ஒரு சத்தம் கொடுக்கிறேனே என்றார்.

"உங்க குரல்னா எல்லாரும் ஆட்டத்துக்குத்தான் கத்துறீங்கன்னு நினைச்சுக்குவாங்க ஆன்ட்டி" என்றாள் ஜெனிபர். "அன்னைக்கு நீங்களும் அமைதியா இருக்கணும். அதான் முக்கியம்."

அவள் சொன்னது சரிதான். எல்லாரும் தலையாட்டினோம். சுப்புத்தாயும் ஆட்டினார்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், அனுமந்தன்பட்டியில் ஒரு திராட்சைப் பந்தலுக்கு முத்துராமலிங்கம் வந்தார். அந்தத் தோட்டக்காரர் அவருக்குச் சொந்தம். மதியச் சாப்பாட்டுக்குப் பெண்கள் கலைந்திருந்தார்கள். சுப்புத்தாயைக் கண்டதும் அவர் நின்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அணிக்கு யாருமே வராத காலத்தில் மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் சுப்புத்தாய் என்பதை நினைவுபடுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து வந்த பிள்ள. அது சொல்லி நீ கேக்குற மாதிரி ஆயிப்போச்சே ஆத்தா. ஒன்னயக் கலந்துக்கிடாம எல்லாம் முடிவு பண்ணுறாகளாமே" என்றார்.

நாலு வருடமாக இந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது என்றார் சுப்புத்தாய். வேறு யார் அதைச் சொல்லியிருந்தாலும் அழுதிருப்பாராம். இவரிடம் அழ முடியாது. அதனால் பேசிவிட்டார். பத்தாவது நிமிடம், பறை, ஒரே அடி, வரிசையாக வெளியே. எல்லாவற்றையும் சொன்னார். முத்துராமலிங்கம் கேட்டுக்கொண்டார். போகும்போது, அன்றைக்கு மூத்த ரசிகை என்று மேடையில் உனக்குப் பொன்னாடை போடுகிறோம், வந்துவிடு என்றார். சுப்புத்தாய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருந்துகளில் கல்லூரி மாணவர்கள் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் ஆரஞ்சுச் சட்டை. நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் பாதியை அவர்கள் நிரப்பிவிட்டார்கள். கேட்டில் நின்ற ஆட்கள் பறையை உள்ளே விடக் கூடாது என்று சொல்லி ஒச்சாண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் தொடங்கியதும் கேட்டை இழுத்துப் பூட்டினார்கள். மைக்கில் சுப்புத்தாய் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் மெதுவாக எழுந்து போய் மேடையேறினார். பொன்னாடை போட்டார்கள். கல்லூரி நிர்வாகிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

பத்தாவது நிமிடம் வந்தது. பறை அடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து எழுந்தவர்கள் சிலர். பக்கத்தில் இருப்பவன் எழட்டும் என்று காத்திருந்தவர்கள் பலர். எழுந்தவர்களும் பாதிப் பேர் கூச்சத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முப்பது பேர் போல கேட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. திரும்பி வந்தோம். ஆரஞ்சுச் சட்டைப் பையன்கள் விசிலடித்துச் சிரித்தார்கள். ஜெனிபர் மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளோடு சங்கிலியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும். ஆமாம், சங்கிலியம்மாள் அந்த வருடம் ஜெனிபரோடு வரத் தொடங்கியிருந்தார். இடைவேளை வரைக்கும் அவர்கள் திரும்பவே இல்லை.

மேடையில் இருந்து பார்த்தபோது எப்படி இருந்தது என்று பிறகு கேட்டேன். சுப்புத்தாய் மறைக்கவில்லை.

"மொத ரெண்டு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு தம்பி. அங்கனயிருந்து பாத்தா அவ சின்னதாத் தெரிஞ்சா. பெறகு அவ திரும்பவே இல்லையா, அது என்னமோ பண்ணுச்சு. நானா இருந்தா திரும்பிப் பாத்துருப்பேன்."

அன்றைக்கு முல்லை மூன்று கோல் போட்டது. எவன் கோல் போட்டான் என்று எனக்கு இப்போது நினைவில்லை.

யார் காட்டிக்கொடுத்தது என்ற பேச்சு மறுநாளே கிளம்பியது. ஒச்சாண்டியின் மருமகன் முத்துராமலிங்கத்தின் மண்டியில் மூட்டை ஏற்றுகிறவன். அது போதுமானதாக இருந்தது. கேட்டில் தடுத்த மாதிரி ஒச்சாண்டி நடித்தான், உள்ளே வர மனமில்லாமல் நின்றான் என்றார்கள். டீக்கடையில் ஒச்சாண்டி வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து போனார்கள். ஒரு கோயில் கொடைக்குப் பறை சொல்லியிருந்தவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் வீட்டோடு இருந்துவிட்டார்.

சுப்புத்தாய் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைச் சுருளியாண்டி நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் என்னவென்று கேட்டார். சுப்புத்தாய் சொல்லிவிட்டார். சுருளியாண்டி வெகுநேரம் கையை அலம்பிக்கொண்டே இருந்தாராம். பிறகு, "இத என்கிட்ட சொல்லி என்ன செய்ய. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு நாற்பது பேர்தான் வந்தோம். ஜெனிபர் மெலிந்து போயிருந்தாள். பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிப் பதிவாளருக்குக் கொடுக்கும் மனுவை வாசிக்கத் தொடங்கும் முன்னால் ஒருவன் எழுந்து, ஒச்சாண்டியை இனிமேல் மைதானத்துக்குள் விடக் கூடாது என்று முதலில் தீர்மானம் போடுங்கள் என்றான். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

சுப்புத்தாய் எழுந்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஒச்சாண்டி சொல்லல. நான்தான் சொன்னேன்."

ஜெனிபர் கையிலிருந்த தாளை இறக்கினாள். "ஏன் ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"நீ வந்தது எனக்குப் பிடிக்கல" என்றார் சுப்புத்தாய். "நீ வந்த அன்னையிலருந்தே பிடிக்கல. வேற ஒண்ணுமில்ல."

ஜெனிபர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மன்னித்தேன் என்று சொல்வாள் என்றோ, திட்டுவாள் என்றோ எதிர்பார்த்தோம். இரண்டும் இல்லை. தாளைத் தூக்கி, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். முடிந்ததும் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுப்புத்தாய் கடைசி வரை நின்றுகொண்டே இருந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் ஒச்சாண்டி வீட்டுக்குப் போனார். ஒச்சாண்டிக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. வாசலில் நிற்கவைத்தே பேசினார். காலில் விழ வந்தவரைத் தடுத்து, அதெல்லாம் எனக்கு வேண்டாம் மதினி என்றார். "என்னோட டீக்கடைக்கு வாங்க. இப்பவே. எல்லாரும் பாக்க என் பக்கத்துல உக்காந்து டீ குடிங்க." சுப்புத்தாய் போனார். கடையில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர் வாழ்க்கையில் அந்தக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. பெண்கள் யாரும் உட்கார்வதில்லை. டீ ஆறிப் போகும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சிலிருந்து யாரும் எழவில்லை.

மனுவுக்கு நூற்றைம்பது உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டியிருந்தது. பழைய உறுப்பினர்கள் பலர் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள். காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, சுருளிப்பட்டி என்று பந்தல் பந்தலாகப் பிரிந்து கிடந்தார்கள். யார் எந்தப் பந்தலில் இருப்பார் என்று சுப்புத்தாய்க்குத்தான் தெரியும். யாரும் கேட்காமலேயே ஒரு நகலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சில பேர், நீதானே காட்டிக்கொடுத்தவள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ஆமா, நான்தான், இங்கன ஒரு கையெழுத்துப் போடு என்று நின்றார். எண்பத்தியொரு கையெழுத்து கொண்டுவந்தார். ஜெனிபர் அதை வாங்கி எண்ணிப் பார்த்து, "சரி" என்றாள். ஒரு நன்றி சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று சுப்புத்தாய்க்கு அன்றைக்கு முழுக்க ஆத்திரம். தனக்கு அந்த ஆத்திரம் வரலாமா என்ற கேள்வியும் கூடவே வந்ததாம்.

அக்டோபரில் பொதுக்குழு கூடியது. மனு பதிவாளரிடம் போனதால் முத்துராமலிங்கம் வேறு வழியில்லாமல் கூட்டினார். சச்சரவு நிறைய நடந்தது. கடைசியில் பச்சைச் சட்டை பச்சையாகவே இருந்தது. ஆட்டங்களில் பாதி சந்தைமேட்டிலும் பாதி கல்லூரியிலும் என்று முடிவானது. கல்லூரியின் பெயரை எடுக்க முடியவில்லை, ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. நிறுத்தப்பட்ட ஏழு பேரில் நாலு பேர் திரும்ப வந்தார்கள். முத்துராமலிங்கமே செயலாளராகத் தொடர்ந்தார். நிர்வாகக் குழுவில் ரசிகர்களுக்கு என்று ஒரு இடம் ஒதுக்கினார்கள். அதற்கு ஜெனிபர் பெயரை ஒச்சாண்டி முன்மொழிந்தார். கை தூக்கச் சொன்னார்கள். நான் சுப்புத்தாயைப் பார்த்தேன். எல்லாக் கைகளும் எழுந்த பிறகு, எண்ணுகிறவர் எங்கள் வரிசைக்கு வரும்போது, அவர் கையைத் தூக்கினார்.

இப்போதும் ஆட்டத்துக்கு வருகிறார். குரல் கொஞ்சம் கம்மிவிட்டது. பெண்கள் இருபது பேருக்குக் குறையாமல் வருகிறார்கள். ஜெனிபரும் அவரும் பேசிக்கொள்கிறார்கள், அளவாக. பொறாமை போய்விட்டதா என்று போன மாதம் கேட்டேன். போகவில்லை என்றார். இந்த மார்ச்சில் ஜெனிபருக்குக் குழந்தை பிறந்தது. அவள் வராத ஆட்டங்கள் எல்லாம் தனக்கு நன்றாகத்தான் இருந்தன என்றும் சொன்னார்.

ஆனால் குழந்தையைப் பார்க்கத் தேனிக்குப் போய்வந்திருக்கிறார். ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு, காலைப் பேருந்தில். பாத்திரக்கடைக்கு மேல்தான் ஜெனிபரின் தாய்வீடு. பிள்ளையைக் கையில் கொடுத்தார்களாம். பெண் குழந்தை, நல்ல எடை. வந்திருந்த சொந்தக்காரர்களிடம் ஜெனிபரின் அம்மா அன்னத்தாய், இவுக நம்ம ஜெனிபரோட கிளப்புக்கு வர்றவுக என்று சொல்லி அறிமுகப்படுத்தியிருக்கிறார்.

"ஜெனிபரோட கிளப்பாம்" என்றார் சுப்புத்தாய் என்னிடம். "வாயத் தொறந்தேன். மடியில பிள்ள தூங்குது. அதனால சும்மா வந்துட்டேன்."